கன்னியம்மாள் பார்த்த நகங்கள்

அமைதி ஊசி ஏறிய மனுஷன் எப்படி ஆவான் என்பதை டாக்டர்கள் புத்தகம் பார்த்துச் சொல்வார்கள். பூந்தமல்லிக் கன்னியம்மாள் ஆளைப் பார்த்தே சொல்லிவிடுவாள். முதலில் கண்ணிமை பாதி வரைக்கும் இறங்கி நின்றுவிடும். அப்புறம் நாக்கு தடிக்கும். 'டாக்டர்' என்று கூப்பிட நினைத்தவன் 'டாட்ட' என்பான். தோள் தொங்கும். நாற்காலிக் கையை உடும்பாகப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுக்கும். கட்டைவிரல்தான் கடைசி. அது விட்டதும் "ஆச்சு சார்" என்பாள். டாக்டர் ரகுநாதன் அதற்கப்புறம்தான் கத்தியைத் தொடுவார்.

முழுசாகத் தூங்கப்போடுகிற மயக்கமருந்து இல்லை அது. கூப்பிட்டால் கண் திறப்பார்கள், வாயைத் திற என்றால் திறப்பார்கள். வலி தெரியாமல் மரத்துப்போக ஈறில் தனி ஊசி உண்டு. கை நரம்பில் போடுகிற இது பயத்தை மட்டும் எடுத்துவிடும். பயம் போகும்போது வேறு என்னென்னவோ கூடவே போகும். ஆவடி டாங்கு பேக்டரியிலிருந்து ஓர் ஆள் வந்தார். மீசையைப் பார்த்தால் நமக்கே ஒரு சல்யூட் வைக்கத் தோன்றும். ஊசியைப் பார்த்ததும் அழுதுவிட்டார். கடைவாய்ப் பல்லை உடைத்து, எடுத்து, தையலும் போட்டு முக்கால் மணி நேரம் கழித்து எழுப்பினால், "எப்ப சார் புடுங்குவீங்க?" என்று கேட்கிறார். பல் அவர் கையிலேயே பொட்டலத்தில் இருக்கிறது!

"புடுங்கியாச்சு நைனா. பத்து வாட்டி 'அம்மா அம்மா'ன்னு என்னிய கூப்பிட்டே. அதுவும் ஞாபகம் இல்லியா?" என்று சிரித்தாள் கன்னியம்மாள். அவர் நம்பவேயில்லை. எழுந்து நின்றார், முழங்கால் மடங்கியது, அவள் தோளில் சாய்ந்தார். அத்தனை பெரிய உடம்பைத் தாங்கிக்கொண்டு போய்ப் பெஞ்சில் கிடத்திவிட்டு அவர் மனைவியிடம் சொன்னாள். "இன்னிக்குப் பூரா சைக்கிள தொட உடாதே. தெளிஞ்ச மாரி பேசுவாரு, நம்பாதே. கை காலு நாளிக்கித்தான் சொன்ன பேச்சு கேக்கும்."

இவ்வளவும் தெரிந்தவள் பள்ளிக்கூட வாசலைக்கூட மிதிக்காதவள். ஊர் பாரிவாக்கம். நாற்று நட்டுக்கொண்டிருந்தவள், நிலமெல்லாம் கல் நட்டு மனையாகப் போனதும் வேலை தேடிப் பூந்தமல்லிக்கு வந்தாள். வீட்டுக்காரர் பெயர் அப்பாவு; பாடியில் ஒரு தொழிற்சாலையில் லாரியில் சரக்கு ஏற்றுகிற வேலை. டிரங்கு ரோட்டில், பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் முன்னால், ஓர் இரும்புக்கடைக்கு மேல்மாடியில் ரகுநாதன் பல் ஆஸ்பத்திரி வைத்தது எண்பத்து மூன்றில். கூட்டிப் பெருக்கத்தான் இவளைச் சேர்த்தார். ஆறே மாதத்தில் நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்துவிட்டார். காரணம், இவள் கையைப் பிடித்தால் நோயாளிகள் அடங்கினார்கள்.

டாக்டர் அவளுக்கு இரண்டே விஷயம் சொல்லிக்கொடுத்தார். ஒன்று, மூச்சு. "இந்த ஊசி மூச்சையும் கொஞ்சம் மந்தமாக்கும் கன்னிம்மா. நான் வாய்க்குள்ள பார்த்துட்டிருப்பேன், எனக்கு நெஞ்சு தெரியாது. நீ பாரு." கன்னியம்மாளுக்குக் கடிகாரம் பார்க்க வராது. அதற்காக அவள் அசரவில்லை. நோயாளி மூச்சு விடும்போது தானும் விடுவாள், இழுக்கும்போது தானும் இழுப்பாள். தனக்குத் திணறினால் அவனுக்கும் திணறுகிறது என்று அர்த்தம். கேட்டு டாக்டரே அசந்துபோனார்.

இரண்டாவது, நகம். "நகத்தை ஒரு அழுத்து அழுத்து. வெளுக்கும். விட்டதும் ரோஸ் கலர் வரணும். நீலமா வந்துச்சுன்னா ரத்தத்துல காத்து போதலைன்னு அர்த்தம். உடனே சொல்லணும், யோசிக்கக் கூடாது." பாலீஷ் போட்டுக்கொண்டு யாராவது வந்தால் முதலில் பஞ்சில் மருந்து நனைத்து அழித்துவிட வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். மூன்று வருஷத்தில் அப்படி இரண்டே இரண்டு பேர்தான் வந்தார்கள். இந்த ஊசி கேட்பவர்களில் முக்கால்வாசி ஆண்பிள்ளைகள்தான். பெண்களோ ஈறில் ஒரு குத்து வாங்கிக்கொண்டு, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுவார்கள்.

எண்பத்தைந்தில் ஒருநாள் அந்த நகம் ஓர் உயிரைக் காப்பாற்றியது. குடிக்கவில்லை என்று சத்தியம் செய்துவிட்டு வந்த ஓர் ஆள் உண்மையில் காலையிலேயே ஊற்றிக்கொண்டு வந்திருந்தான். ஊசி ஏறிய பத்தாவது நிமிஷம் கன்னியம்மாள் நகத்தை அழுத்தினாள். நாவல்பழத் தோல் மாதிரி வந்தது. "சார், நீலம்!" என்று கத்தினாள். டாக்டர் தாடையைத் தூக்கிப் பிடித்தார். உள்ளே சரிந்திருந்த நாக்கு முன்னால் வந்தது, கொர்ரென்று ஒரு மூச்சு இழுத்தான், பிழைத்தான். அன்றிலிருந்து டாக்டர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார், "கன்னிம்மா பக்கத்துல இருந்தாத்தான் நான் இந்த ஊசியே போடுவேன்." கன்னியம்மாள் அதைப் பாரிவாக்கம் முழுக்கச் சொல்லிவிட்டாள். சொல்ல மாட்டாளா பின்னே? களையெடுத்த கைக்கு அப்படி ஒரு பேர் கிடைத்தால் யார்தான் பேசாமல் இருப்பார்கள்.

அவளுக்கு ஒரே மகள், வசந்தகுமாரி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ரேடியோவுக்குக் கம்பி சுற்றுகிற வேலை. இருபது வயசு. வாயாடி. அம்மாவைப் பார்த்து, "ஊரான் கையெல்லாம் புட்ச்சிகினு உக்காந்துகினு கீறியே, எங்கப்பன் கைய என்னிக்காச்சும் புட்ச்சியா?" என்று கேட்கிற பெண். ஆனால் ஊசி என்றால் மட்டும் பஞ்சாய்ப் பறந்துவிடுவாள். எஸ்டேட்டில் காலரா ஊசி போட வந்தபோது கக்கூஸில் போய்த் தாழ்போட்டுக்கொண்டவள்.

பட்டறையில் லேத் ஓட்டுகிற கோவிந்தராஜ் என்ற பையனோடு அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. ஆவணி பத்தாம் தேதி முகூர்த்தம். எண்பத்தாறு அது. வைகாசியிலேயே அவளுக்குக் கடைவாயில் ஒரு பல் படுத்துக்கொண்டு முளைத்து, கன்னம் சுரைக்காயாக வீங்கி வடிந்திருந்தது. ஆனியில் மறுபடி வீங்கியது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். "இது அடிக்கடி வீங்கும். எடுத்துடறதுதான் நல்லது. எலும்பைக் கொஞ்சம் குடைஞ்சு எடுக்கணும்."

"தாலி கட்ற அன்னிக்கி வீங்கிப்புட்டா?" என்று கன்னியம்மாள் பதறினாள். "மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க இன்னா நெனைப்பாங்க? நோவுக்காரப் பொண்ண தள்ளிவுட்டுட்டாங்கன்னு சொல்ல மாட்டாங்க? ஆடியிலயே எடுத்துடுங்க சார். ஆறிடும்." அவள் அவசரப்படுத்தியதில் தப்பு என்ன இருக்கிறது? பெண்ணைப் பெற்றவள் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள். திங்கட்கிழமை என்று நாள் குறித்தார்கள்.

அதற்கு முந்தின வெள்ளி, ஆடி வெள்ளி. அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள். தெருப் பெண்களெல்லாம் கை சிவக்க மருதாணி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். கல்யாணப் பெண் மட்டும் வெறுங்கையோடு நிற்பாளா? கன்னியம்மாள் வியாழன் சாயங்காலமே வேலியோரத்துச் செடியில் ஒரு கூடை இலை உருவி, களிப்பாக்கும் கொட்டைப்பாக்கு அளவுக்குப் புளியும் வைத்து அம்மியில் மை மாதிரி அரைத்தாள். பத்து விரலுக்கும் நுனியில் தொப்பி போட்டாள், நகம் மூடி முதல் கணு வரைக்கும். உள்ளங்கையில் ஒரு வட்டம். கால் விரல்களையும் விடவில்லை.

"போதும்மா, கூசுது" என்று நெளிந்தாள் வசந்தா.

"கம்முனு குந்துடி. நல்லா செவந்தாத்தான் புருசன் ஆசையா வெச்சிப்பான்."

"அப்போ உனுக்கு செவக்கவே இல்லியா?"

வாசலில் பீடி குடித்துக்கொண்டிருந்த அப்பாவு உள்ளே எட்டிப் பார்த்து, "இன்னாடி சொல்றா அவ?" என்றார். தாயும் மகளும் சேர்ந்து சிரித்தார்கள். காலையில் கழுவியபோது அப்படி ஒரு சிவப்பு! கறுப்பாகப் போகிற அளவுக்குச் சிவப்பு. அந்தத் தெருவில் அந்த வருஷம் அவள் கைக்கு ஈடாக ஒரு கை சிவக்கவில்லை. கன்னியம்மாள் மகள் விரல் ஒவ்வொன்றையும் எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

திங்கட்கிழமை காலை வசந்தா நாற்காலியில் ஏறுவதற்குள் இரண்டு தடவை மாடிப்படியில் இறங்கி ஓடப் பார்த்தாள். உட்கார்ந்தபின் பல் கிடுகிடுவென்று அடித்தது. டாக்டர் அவள் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"ஓகோ, கல்யாணக் கை!" என்றார். ஒரு கணம் அந்த விரல்களைப் பிடித்தபடி நின்றார். அப்புறம் மருந்தை உறிஞ்சினார்.

நரம்பில் மெதுவாக ஏற்றினார். இமை இறங்கியது. ஆனால் வசந்தா அடங்கவில்லை, ஈறில் ஊசி வைக்கப்போனால் தலையைத் திருப்பினாள், "எம்மா... எம்மா..." என்று குழறினாள். டாக்டர் இன்னும் கொஞ்சம் மருந்து ஏற்றினார். இப்போது தோள் தொங்கியது. விரல்கள் அம்மாவின் கையில் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தன. கடைசியில் கட்டைவிரலும் விட்டது.

"ஆச்சு சார்" என்றாள் கன்னியம்மாள்.

ஈறைக் கிழித்து எலும்பைக் குடையத் தொடங்கினார். கீழ்த்தாடை என்பதால் அழுத்தம் கொடுக்க வேண்டியிருந்தது. வாயில் பஞ்சு, மூக்கின் மேல் டாக்டரின் முழங்கை. மூக்கருகே புறங்கையை வைத்துக் காற்று வருகிறதா என்று பார்ப்பது கன்னியம்மாளின் வழக்கம். அன்று கை வைக்க இடமில்லை. நெஞ்சைப் பார்த்தாள். ஏறி இறங்கியது. வயிறும் ஏறி இறங்கியது. மகளோடு சேர்ந்து தானும் மூச்சு விட்டாள். சரியாகத்தான் இருந்தது. தொண்டைக்குள் நாக்கு சரிந்து வழியை அடைத்துவிட்டாலும் கொஞ்ச நேரத்துக்கு நெஞ்சும் வயிறும் காற்றைத் தேடிக் குதித்துக்கொண்டுதான் இருக்கும், வெறும் ஆட்டம், உள்ளே ஒன்றும் போகாது என்பதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அந்த மாதிரி நேரத்தில் உண்மையைச் சொல்வது நகம் ஒன்றுதான்.

"நகம் எப்படியிருக்கு?" என்று டாக்டர் நிமிராமலே கேட்டார்.

கன்னியம்மாள் அழுத்தினாள். சிவப்பு.

"நல்லா கீது சார்."

இன்னும் ஒன்றிரண்டு நிமிஷம் போயிருக்கும். "நகம்?"

"நல்லா கீது சார்" என்றாள் மறுபடியும். சொல்லும்போது அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைகூட. இந்தத் தெருவிலேயே இல்லாத சிவப்பு ஆயிற்றே! ஐயோ, அந்தப் பெருமையை நினைத்துத்தான் அவள் பின்னால் தலையில் தலையில் அடித்துக்கொண்டாள்.

டாக்டர் பஞ்சை வெளியே எடுத்தார். அதில் இருந்த ரத்தம் சிவப்பாக இல்லை. தேநீர் வடிகட்டிய சக்கை மாதிரி கறுத்திருந்தது. அவர் முகம் மாறியதைக் கன்னியம்மாள் பார்த்தாள். சாமான்களையெல்லாம் தரையில் எறிந்துவிட்டுத் தாடையைத் தூக்கினார். "வசந்தா! வசந்தா! மூச்சு விடும்மா!" என்று கத்தினார். மூலையில் இருந்த ஆக்சிஜன் சிலிண்டரை இழுத்து வந்தாள் கன்னியம்மாள். டாக்டர் வாயோடு வாய் வைத்து ஊதினார். நெஞ்சில் அழுத்தினார். ஒரு மூச்சு வந்தது, அப்புறம் இன்னொன்று வந்தது. ஆனால் கண் திறக்கவில்லை.

டாக்டர் தன் காரிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழியெல்லாம் கன்னியம்மாள் மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அவளுடைய மூச்சுக்குத் தன் மூச்சை விட்டுக்கொண்டே போனாள். மூளைக்குக் காற்று போகாமல் இருந்த நேரம் கூடுதலாகிவிட்டது என்றார்கள் அங்கே. மூன்று நாள் கிடந்தாள் வசந்தகுமாரி. நான்காம் நாள் காலை, டீ வாங்கி வரப் போன அப்பாவு திரும்புவதற்குள் முடிந்துவிட்டது.

குளிப்பாட்டும்போது சுற்றி நின்ற பெண்கள், "பாரேன், கை அப்டியே கீது" என்று அழுதார்கள். தேய்த்துத் தேய்த்துப் பார்த்தும் அது போகவில்லை. ஆவணி பத்து வரைக்கும் இருக்கட்டும் என்று வைத்த சிவப்பு அது. உடம்பெல்லாம் வெளுத்துக் கிடக்க, பத்து விரல் நுனி மட்டும் உயிரோடிருக்கிறவள் கை மாதிரி இருந்தது. கன்னியம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. தான் மூன்று நாளைக்கு முன் எதை அழுத்தினோம், எதைப் பார்த்து நல்லா கீது என்றோம் என்பது அந்தப் பந்தலடியில்தான் விளங்கியது. அழுகை சட்டென்று நின்றுவிட்டது. எல்லோரும் பயந்து தண்ணீர் தெளித்தார்கள்.

பதினோராம் நாள் டாக்டர் பாரிவாக்கத்துக்கு வந்தார். சொந்தக்காரர்கள் சிலர் போலீசுக்குப் போகலாம் என்று குதித்துக்கொண்டிருந்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. நேரே வந்து அப்பாவு முன்னால் கைகட்டி நின்றார்.

"தப்பு என்னுது. ரெண்டாவது தடவை மருந்து ஏத்தினது நான். நீங்க எங்க போய்ச் சொன்னாலும் நான் இதையேதான் சொல்லுவேன்."

அப்பாவு அவரை ஏறிட்டுப் பார்த்தார். "உங்கள நம்பித்தானே சார் வுட்டோம்" என்றார்.  போலீசுக்கு அவர் போகவில்லை.

கன்னியம்மாள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்து, 'இல்ல சார், நகத்த பாத்துகினு இருந்தது நானு, மருதாணி வெச்சதும் நானு' என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அப்பாவு முகத்தைப் பார்த்தாள். பெண்ணைக் கொன்றது அவள் அம்மாதான் என்று இந்த மனுஷனிடம் எப்படிச் சொல்வது?  டாக்டர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து வேலியோரத்து மருதாணிச் செடியை அரிவாளால் வெட்டி, வேரையும் தோண்டி எறிந்தாள். "இன்னாத்துக்கு வெட்டுற?" என்று அப்பாவு கேட்டார். "பூச்சி வெக்குதுய்யா" என்றாள்.

ஒரு மாதம் கழித்து அவள் மறுபடியும் வேலைக்குப் போனபோது ஊர் காறித் துப்பாத குறை. பெற்ற பெண்ணை வாரிக்கொடுத்த இடத்துக்கே போய்ப் பெருக்குகிறாளே, என்ன ஜென்மம் என்றார்கள். அவள் ஏன் போனாள் என்று அவர்களுக்கு எங்கே தெரியும்? தன் பழியையும் சேர்த்து ஒருத்தர் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதை இறக்கிவைக்கத்தான் போனாள். இன்றைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தினமும் அந்த மாடிப்படியை ஏறினாள். தினமும் சொல்லாமலேயே இறங்கினாள்.

டாக்டர் அந்த ஊசியை அடியோடு விட்டுவிட்டார். பயந்தவர்கள் கெஞ்சினாலும், "நான் போடறதில்லை, பட்டணத்துல பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்பார். ஒரு மீசைக்காரர் அழுதபடியே எழுந்து போனதை அவள் பார்த்தாள். டாக்டருக்கு இரண்டே வருஷத்தில் தலை நரைத்தது. சிரிப்பு நின்றது. பல் எடுக்கும்போது நடுநடுவே கையை நிறுத்தி, நோயாளி மூச்சு விடுகிறாரா என்று பார்ப்பார், ஊசியே போடாத ஆளாக இருந்தாலும். கன்னியம்மாள் மூலையில் நின்று கருவிகளை வெந்நீரில் போட்டபடி அந்த நரைத்த தலையைப் பார்ப்பாள். இப்போது சொல், இப்போது சொல் என்று நெஞ்சு இடிக்கும். ஒரு நோயாளி உள்ளே வந்துவிடுவார். பொழுது போய்விடும்.

அப்படியே பதினோரு வருஷம் போனது. கோவிந்தராஜுக்கு வேறு இடத்தில் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். பாரிவாக்கத்தில் மனைகளெல்லாம் வீடாகி, பழைய வேலிகள் சுவராகிவிட்டன. ஆடி வந்தால் மட்டும் கன்னியம்மாள் தெருவில் நடக்கும்போது தலையைக் குனிந்தே நடப்பாள். எதிரில் வருகிற பெண்களின் கை கண்ணில் பட்டுவிடக் கூடாது.

தொண்ணூற்று ஏழில் ஒருநாள் டாக்டர் ஒரு பெட்டியைப் பிரித்தார். வேறு ஓர் ஆஸ்பத்திரி கழித்த சாமான். சின்ன ரேடியோ அளவில் ஒரு மெஷின், ஒயரின் நுனியில் துணி மாட்டுகிற கிளிப் மாதிரி ஒன்று. தன் விரலில் மாட்டிக் காட்டினார். சிவப்பாக எண் வந்தது.

"ரத்தத்துல எவ்வளவு காத்து இருக்குன்னு இது சொல்லும் கன்னிம்மா. தொண்ணூத்தஞ்சுக்கு மேல இருந்தா நல்லது. குறைஞ்சா கத்தும்." கிளிப்பைக் கழற்றினார். "இது இருந்தா... மறுபடியும் அந்த ஊசி போடலாம்னு பார்க்கறேன். எத்தனை பேர் பயந்து திரும்பிப் போறாங்க."

 கன்னியம்மாள் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் யாரோ ஒருத்தர் வீட்டுச் சுவரோரம் நின்ற செடியில் ஒரு கைப்பிடி இலை கேட்டு வாங்கினாள்.  அரைத்து, ஆள்காட்டி விரல் ஒன்றுக்கு மட்டும் தொப்பி போட்டுக்கொண்டாள். அப்பாவு பார்த்தார். அவரும் கிழவராகியிருந்தார். 

மறுநாள் காலை வெளியே பெஞ்சில் ஒரே ஒருத்தர் காத்திருந்தார். கன்னியம்மாள் நேரே உள்ளே போய் டாக்டர் முன்னால் விரலை நீட்டினாள்.

"இதுல மாட்டுங்க சார்."

டாக்டர் விரலைப் பார்த்தார்.  கிளிப்பை மாட்டினார். மெஷின் கொஞ்ச நேரம் யோசித்தது. அப்புறம் எண் வந்தது.

"இன்னா சார் போட்டுக் கீது?"

"தொண்ணூத்தேழு."

"அப்போ இதுக்குத் தெரியுது." மாட்டிய விரலை அவர் முகத்துக்கு நேரே தூக்கினாள். "மருதாணிக்குக் கீழ கீறது இதுக்குத் தெரியுது. எனுக்குத் தெரியல சார். நீ ரெண்டு வாட்டி கேட்டே. ரெண்டு வாட்டியும் நல்லா கீதுன்னு நான்தான் சார் சொன்னேன். வெச்சி வுட்டதும் நான்தான். நீ இன்னாத்துக்கு சார் பதினோரு வருசமா தலைல போட்டுகினு கீறே?"

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். நோயாளிகள் உட்காருகிற அதே நாற்காலி. கையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"எனக்குத் தெரியும் கன்னிம்மா" என்றார். "அவ கையை நான் திருப்பிப் பார்த்தேன், ஞாபகம் இருக்கா? அப்பவே தோணுச்சு, நகம் தெரியாதே, இப்போதைக்கு இந்த ஊசி வேணாம்னு சொல்லணும்னு. கல்யாணம் நெருங்குதுன்னு நீ தவிச்ச. எனக்கும் சொல்ல மனசு வரல. மூச்சைப் பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன். அப்புறம் வேலை மும்முரத்துல அதையே மறந்துட்டு, பழக்கத்துல உன்கிட்ட நகத்தைக் கேட்டேன். நீயும் பழக்கத்துல சொன்ன. நீ கண்டுபிடிக்கலைன்னு நினைச்சேன். நீ கண்டுபிடிச்சுடக் கூடாதுன்னுதான் உங்க வீட்டுக்கு வந்து மருந்து மேல பழியைப் போட்டேன்."

கன்னியம்மாளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. பாவி மனுஷா, தெரிந்திருந்தும் போட்டாயா என்று அவர் சட்டையைப் பிடிக்கப் போனாள். பிடித்தும்விட்டாள். கிளிப் விரலிலிருந்து கழன்று விழுந்து, எண் தெரியாமல் மெஷின் கத்தத் தொடங்கியது.  அந்தச் சட்டையைப் பிடித்தபடியே தரையில் சரிந்து, பந்தலடியில் நின்றுபோன அழுகையை அழுதாள். பதினோரு வருஷத்து அழுகை. டாக்டரும் அழுதார். வெளியே பெஞ்சில் இருந்தவர், உள்ளே பல் பிடுங்குகிற அலறல் இது என்று நினைத்து, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியிறங்கி ஓடிவிட்டார்.

அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளே எழுந்து மெஷினை அணைத்தாள். கிளிப்பை எடுத்துத் துடைத்து வைத்தாள்.

"ஊசி போடுங்க சார். பயந்துகினு வர்றவங்கள திருப்பி அனுப்பாதீங்க. நான் உக்காந்துக்கறேன். கைய புட்ச்சிக்கறேன், மூச்ச பாத்துக்கறேன்" என்றாள். "நகத்த மட்டும் என்னிய கேக்காதீங்க."

அதற்கப்புறம் ஆறு வருஷம் அவள் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். டாக்டர் ஒருநாளும் கேட்கவில்லை.